அஞ்சலில் வரும் மானிடவியலும் நம் இல்லத்து உறவுமுறையும்

தொலைநிலைக் கல்வி நம் சமுதாயத்திற்குச் செய்திருக்கும் நன்மை சிறிதன்று. கல்லூரி வாயிலை மிதிக்கும் வாய்ப்பின்றி மணமுடித்துச் சென்ற பெண்மக்களும், தந்தையின் கடையில் அமர்ந்துவிட்ட இளைஞர்களும் பட்டம் பெற்றது அதன் வழியாகவே. டில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிப் பாடங்களைத் தொடங்கிற்று. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் தோன்றின. வணிகவியலும் வரலாறும் தமிழும் பயின்றோரே நம்மிடையே மிகுதி. அண்மைக்காலத்தில் மானிடவியலும் சில வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. அதன் ஒரு பிரிவாகிய பண்பாட்டு மானிடவியலின் தொடக்கநிலைப் பாட ஏடுகள் சிலவற்றை நாம் ஊன்றிப் படித்தோம்.

பாட ஏட்டிற்கு மதிப்புரையா என்று வாசகர் வியக்கலாம். கவிதைக்கும் புதினத்திற்கும் மதிப்புரை எழுதும் நாம், நம் பிள்ளைகள் நள்ளிரவு வரை கண்விழித்து மனனம் செய்யும் ஏட்டினை ஒருமுறையேனும் புரட்டிப் பார்க்கிறோமா? அதிலும் இத்துறை மனிதரின் மணம், குடும்பம், சமயம், சடங்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. நம்மைப் பற்றியும் பேசுகிறது. என்ன பேசுகிறது என்று அறிந்துகொள்வது நம் உரிமை. குறிப்பிட்ட ஒரு பல்கலைக்கழகத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. இவ்வகை ஏடுகள் பெரும்பாலும் ஓர் அச்சில் வார்த்தவையே. வரையறை, வகைப்பாடு, அறிஞர் பெயர்கள், இறுதியில் நான்கைந்து வினாக்கள்.

நல்லதை முதலில் கூறுவோம். இவ்வேடுகளைக் கருத்தூன்றிப் படிக்கும் மாணவர், தம் குலமே உயர்ந்தது என்னும் செருக்கைக் கைவிட வேண்டியவராகிறார். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் இத்துறையை வளர்த்த ஃபிரான்ஸ் போவாஸ், மனித இனங்களுள் பிறவியிலேயே அறிவு மிக்கவை, அறிவு குறைந்தவை என்னும் பாகுபாட்டினை வாழ்நாள் முழுதும் எதிர்த்தார். போலந்து நாட்டு மாலினோவ்ஸ்கி, 1915 முதல் 1918 வரை இரு தவணைகளாகத் துரோபிரியாண்டுத் தீவுகளில் தங்கி, தீவினரின் மொழியைக் கற்று, அவர்களோடு உறைந்து, 1922இல் தம் பெருநூலை வெளியிட்டார். ஒரு மக்களை அறிய வேண்டுமாயின் அவர்கள் மொழியில் பேசி, அவர்கள் நடுவே வாழ வேண்டும் என்பது அதன்பின் இத்துறையின் சட்டமாயிற்று. அவர் மறைந்தபின் 1967இல் வெளியான அவருடைய நாட்குறிப்பில் அத்தீவினர்மீது அவர் கொண்ட எரிச்சலும் சலிப்பும் வெளிப்பட்டன. மார்கரெட் மீடு சமோவாவைப் பற்றி 1928இல் எழுதிய புகழ்பெற்ற நூலை 1983இல் டெரிக் ஃபிரீமன் கடுமையாக மறுத்தார். இச்சர்ச்சைகளை மறையாது கூறும் ஏடுகளும் உள்ளன, அவற்றைப் பாராட்டுகிறோம்.

ஆயினும், உடனுறைந்து கற்க வேண்டும் என்று கூறும் ஒரு துறையை உறைக்குள் இட்டு அனுப்ப முடியுமா என்னும் ஐயம் எழுவது இயல்பு. நாமும் அவ்வாறே ஐயுற்றோம். இத்துறையின் வரலாற்றைப் புரட்டியபோதோ வேறொரு செய்தி கிடைத்தது. மானிடவியலின் முதன்மைப் பகுதியாகிய உறவுமுறை ஆய்வு பிறந்ததே அஞ்சலில்தான். அதில் நம் தமிழுக்கும் பங்குண்டு. நியூயார்க் மாநிலத்து ராச்சஸ்டர் நகரில் வழக்குரைஞராக இருந்த லூயிஸ் ஹென்றி மார்கன், செனகா என்னும் அமெரிக்கப் பழங்குடியினர் தந்தையின் உடன்பிறந்தானையும் தந்தை என்றே அழைப்பதைக் கண்டு வியந்து, இம்முறை வேறெங்கேனும் உண்டா என்று அறிய வினாப்பட்டியல்களை உலகெங்கும் அனுப்பினார். ஆர்க்காட்டுப் பகுதியில் மிஷனரிப் பணியாற்றிய ஸ்கட்டர் குடும்பத்தார் வழியாகத் தமிழ் உறவுச் சொற்கள் அவர் கைக்கு எட்டின. பெரியப்பா, சிற்றப்பா என்னும் பெயர்களில் அப்பா இருப்பதையும், பெரியம்மா, சின்னம்மா என்பவற்றில் அம்மா இருப்பதையும், தாயின் உடன்பிறந்தான் மட்டும் மாமனாக விலகி நிற்பதையும் கண்டு அவர் மெய்சிலிர்த்திருக்க வேண்டும். 1871இல் அவர் வெளியிட்ட பெருநூலில் தமிழ் முறைக்குச் சிறப்பான இடம் உண்டு. இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் 'திராவிட உறவுமுறை' என்று பயிலப்படுவதன் வேர் அங்கே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் நம் குறை தொடங்குகிறது. தொடக்கநிலை ஏடுகளில் திருமணத்தைப் பற்றிய பாடத்தில் தவறாமல் இரு வகைகள் வரும். தந்தையின் உடன்பிறந்தான் மக்களையோ தாயின் உடன்பிறந்தாள் மக்களையோ மணப்பது ஒரு வகை. அதற்குச் சான்று 'முஸ்லிம்கள்'. மாமன் மக்களையோ அத்தை மக்களையோ மணப்பது மற்றொரு வகை; அதற்குச் சான்று 'தென்னிந்தியர்'. தென்னிந்தியருள் தாய்மாமன் தமக்கை மகளை மணப்பதும் உண்டு என்று ஒரு வரி சேர்ப்பர். மாணவர் இரண்டையும் மனனம் செய்து தேர்வில் எழுதுவார், மதிப்பெண்ணும் பெறுவார்.

தென்னிந்தியராகவும் முஸ்லிமாகவும் ஒருசேர இருக்கும் நாம் இந்த அட்டவணையில் எங்கே அமர்வது?

நம் இல்லங்களில் நடப்பது யாவரும் அறிந்ததே. தாய்மாமன் மகள் 'முறைப்பெண்'. மாமி மகன் 'மச்சான்'. சிறிய தந்தையின் மகளை மணப்பதற்கு மார்க்கத்தில் தடையில்லை. அவ்வாறு நடந்த மணங்களும் உண்டு. ஆயினும் பல ஊர்களில் அவளைத் தங்கை என்றே அழைத்து வளர்ந்தவன் அம்மணத்தை ஏற்கத் தயங்குவான். அவன் தாயோ அதைவிட மிகுதியாகத் தயங்குவாள். தமிழ் முறை இங்கே நிற்கிறது. தமக்கை மகளின் செய்தி வேறு. திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 23ஆம் வசனம், மணக்கக் கூடாத பெண்களை வரிசைப்படுத்துகையில் உடன்பிறந்தாளின் மகளையும் சேர்த்தே விலக்குகிறது. அண்டை வீட்டு இந்துச் சகோதரர்களிடையே முறையாக விளங்கிய அம்மணத்தை நம் முன்னோர் அறவே விட்டுவிட்டனர். மார்க்கம் விலக்கியது விலகிற்று. மார்க்கம் அனுமதித்தவற்றுள் எதை விரும்புவது என்பதைத் தமிழ் தீர்மானித்தது. இரு நெறிகள் ஒரே வீட்டில் இத்துணைத் தெளிவாகத் தத்தம் எல்லையை வகுத்துக்கொண்டு வாழ்வது மானிடவியலாருக்கு ஒரு புதையல் அன்றோ! பாட ஏட்டினரோ இதன்மேல் நடந்து சென்றுவிட்டனர்.

அழைக்கும் சொற்களிலும் இதே நுட்பம் காணலாம். வாப்பா, அத்தா, உம்மா, ராத்தா, காக்கா என்று ஊருக்கு ஊர், பிரிவுக்குப் பிரிவு நம் சொற்கள் வேறுபடும். இவற்றைக் கண்டவர்கள் நம் உறவுமுறையே வெளியிலிருந்து வந்தது என எண்ணிவிடுகின்றனர். 'சாச்சி' என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். உருது பேசும் வீட்டில் அச்சொல் தந்தையின் தம்பி மனைவியைக் குறிக்கும். தாயின் தங்கைக்கு 'காலா' என்னும் வேறு சொல் உண்டு. தமிழ் பேசும் நம் இல்லங்கள் பலவற்றிலோ தாயின் தங்கையும் சாச்சியே. ஏன்? தமிழில் 'சித்தி' என்னும் ஒரே சொல் அவ்விருவரையும் குறிக்கிறது. வந்த சொல் வடக்கத்தியது. அது அமர்ந்த இருக்கை தமிழருடையது. மார்கன் இன்று இருந்திருப்பின் இந்த ஒரு சொல்லுக்காகவே ஒரு வினாப்பட்டியலை நம் ஊர்களுக்கு அனுப்பியிருப்பார்.

பால்குடி உறவும் இவ்வாறே விடுபடுகிறது. ஒரே தாயிடம் பாலருந்திய குழந்தைகள் உடன்பிறந்தார் ஆவர் என்பதும், அவர்களிடையே மணம் கூடாது என்பதும் நம் வீட்டுப் பெரியவர்கள் அனைவரும் அறிந்த விதி. மேற்சொன்ன வசனத்திலேயே அது இருக்கிறது. பாட ஏட்டின் உறவுமுறைப் படத்திலோ குருதிக்கு ஒரு கோடு, மணத்திற்கு ஒரு கோடு; பாலுக்குக் கோடில்லை. அரபு நாட்டு மானிடவியல் அறிஞர் சுரையா அல்துர்கி என்னும் பெண்மணி 1980இலேயே பாலுறவு பற்றிய கட்டுரையை வெளியிட்டுவிட்டார். அதன் செய்தி தொடக்கநிலை ஏடுகளுக்கு வந்துசேர இத்தனை ஆண்டுகள் போதவில்லை போலும்.

நாமறிந்த குடும்பம் ஒன்றின் மருமகள் இப்பாடத்தைப் பயின்றார். ஒப்படைப்பு வினா ஒன்றிற்கு, தம் பாட்டியார் கூறக் கேட்ட உறவுச் சொற்களையும் தம் வீட்டு மணங்களையும் சான்று காட்டி விடை எழுதினார். திருத்தியவர் ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பு, பாட ஏட்டில் உள்ள சான்றுகளைத் தருக என்பதே. அடுத்த ஒப்படைப்பில் அந்தப் பெண் ஏட்டில் உள்ளவாறே எழுதி நல்ல மதிப்பெண் பெற்றார். அவரை நாம் குறைகூற மாட்டோம். பட்டம் அவருக்குத் தேவை. கண்ணால் கண்டதை எழுதுக என்று முதற்பாடத்தில் கற்பித்துவிட்டு, கண்டதை எழுதியவரைத் திருத்தும் முறையைத்தான் குறைகூறுகிறோம்.

தாய்வழிக் குடும்பத்தைப் பற்றிய பாடத்திலும் ஏறக்குறைய இதே நிலை. கேரளத்து நாயர்களும் மேகாலயத்துக் காசிகளும் தவறாது வருவர். இஸ்லாமிய வாரிசுச் சட்டத்தையும் தாய்வழிச் சொத்துரிமையையும் ஒருசேரக் கைக்கொண்ட இலட்சத்தீவு முஸ்லிம்களைப் பற்றி லீலா துபே 1969இல் ஒரு முழுநூலே எழுதியிருக்கிறார். அங்கே தாய்வழித் தறவாட்டுச் சொத்திற்கு வெள்ளிக்கிழமைச் சொத்து என்றும், தனியொருவர் தேடிய சொத்திற்குத் திங்கட்கிழமைச் சொத்து என்றும் பெயர். முன்னதற்கு ஊர் மரபு, பின்னதற்கு ஷரீஅத். கிழமைகளின் பெயரால் இரு சட்டங்களைப் பிரித்து வைத்த அம்மக்களின் அறிவை என்னென்பது! இலங்கையின் கீழைக் கரையில் அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் முஸ்லிம்களிடையே தாய்வழிக் 'குடி' முறை வழங்குவதை டென்னிஸ் மெக்கில்வரே நெடுங்காலம் ஆராய்ந்து, 2008இல் பெருநூலாக வெளியிட்டார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு வீடு கொடுப்பதும், மணமகன் பெண்வீட்டில் வாழ்வதும் எவரும் அறிந்தவை. முஸ்லிம் குடும்பம் என்றாலே தந்தைவழி, தந்தை இல்லத்து வாழ்வு என்று ஒரு வரியில் முடித்துவிடும் ஏடு இவர்களை எல்லாம் எங்கே கொண்டுபோய் வைக்கும்?

சமயம் பற்றிய பாடத்திற்கு வருவோம். அமெரிக்க அறிஞர் ராபர்ட் ரெட்ஃபீல்டு 1950களில் வகுத்த 'பெருமரபு', 'சிறுமரபு' என்னும் பாகுபாடு இன்னும் அதில் கோலோச்சுகிறது. திருமறையும் சட்ட நூல்களும் பெருமரபு. நாகூர்க் கந்தூரியும் மவ்லிது ஓதுதலும் சிறுமரபு என இரு பெட்டிகளில் நம்மைப் பிரித்துப் போடுவர். படிக்க எளிது, தேர்வுக்கும் ஏற்றது. தர்காவுக்குச் செல்வது சரியா தவறா என்று நம் ஊர்களில் நடந்த, நடந்துவருகின்ற வாதங்களைக் கேட்டிருப்போர் இப்பாகுபாட்டின் வறுமையை உணர்வர். செல்வோரும் ஆயத்தையும் ஹதீஸையும் காட்டுகின்றனர். தடுப்போரும் அவற்றையே காட்டுகின்றனர். சிறுமரபினர் என்று ஏடு கூறுவோர் தம்மை அவ்வாறு எண்ணுவதே இல்லை. வழக்கின் தீர்ப்பை உலமாப் பெருமக்களிடம் விட்டுவிடுவோம். இரு சாராரும் ஒரே மூலத்தை நோக்கி வாதிடுகின்றனர் என்பதே மானிடவியல் மாணவர் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

இதனை இத்துறைக்குள்ளிருந்தே கூறியவர் தலால் அசத். 'மக்காவிற்குச் செல்லும் பாதை' என்னும் நூலால் நம் வாசகர்கள் அறிந்த முஹம்மது அசத் அவர்களின் மைந்தர். 1932இல் மதீனாவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் ஈவான்ஸ் பிரிச்சர்டிடம் பயின்று, சூடான் நாட்டுக் கபாபீஷ் அரபியரை ஆராய்ந்தவர். காலனி ஆட்சிக்கும் மானிடவியலுக்கும் இருந்த தொடர்பை ஆராயும் தொகுப்பொன்றை 1973இல் வெளியிட்டார். 1986இல் எழுதிய கட்டுரையில், இஸ்லாத்தை ஆராயப் புகுவோர் முஸ்லிம்கள் தொடங்கும் இடமாகிய குர்ஆனிலும் ஹதீஸிலுமிருந்தே தொடங்க வேண்டும் என்றும், அவற்றை நோக்கித் தலைமுறை தலைமுறையாக நடைபெறும் உரையாடலே மரபு என்றும் வாதிட்டார். கிளிஃபோர்டு கீர்ட்ஸ் மொராக்கோவையும் இந்தோனேசியாவையும் ஒப்பிட்டு 1968இல் எழுதிய நூலும், எர்னெஸ்ட் கெல்னர் 1981இல் எழுதிய நூலும் படிக்கத் தக்கவையே. ஆனால் அவ்விருவரின் பெயரையும் கூறி, அசதின் பெயரை நூற்பட்டியலின் இறுதியில் ஒளித்துவைக்கும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை.

நம் மக்களை எவர் எழுதினர் என்பதும் மாணவர்க்குச் சொல்லப்பட வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் லப்பைகளும் மரைக்காயர்களும் அகரவரிசையில் இடம்பெறுகின்றனர். மண்டையோட்டையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்த காலம் அது. பழைய உடை, உணவு, தொழில் பற்றிய குறிப்புகளுக்கு அத்தொகுதிகள் இன்றும் பயன்படுகின்றன. எழுதப்பட்டவர்களின் குரலை மட்டும் அவற்றில் தேடக் கூடாது. பல்லாவரத்து முஸ்லிம் வணிகர்களிடையே இருந்து ஆராய்ந்த மாட்டிசன் மைன்ஸ் 1972இல் வெளியிட்ட நூல் அதனினும் பன்மடங்கு மேலானது. ராவுத்தர், லப்பை, மரைக்காயர், காயலர் என்னும் பிரிவுகள் சாதிகளைப் போல ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டவை அல்ல என்று அவர் எடுத்துக்காட்டினார். நூறு மைல் தொலைவிலிருந்து நம்மைச் 'சாதி' என்று முத்திரையிடும் ஏடுகள் இதனைப் படித்ததாகத் தெரியவில்லை.

இனி, நம்மவர்க்கும் ஒரு சொல். இத்துறை மேனாட்டாருடையது, நம் மார்க்கத்திற்குப் புறம்பானது என்று ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. அல்பீரூனி யார்? கஜ்னவி மஹ்மூதின் காலத்தில் இந்நாட்டிற்கு வந்து, சமஸ்கிருதம் கற்று, பதஞ்சலியின் நூலை அரபியில் பெயர்த்து, 1030ஆம் ஆண்டளவில் இந்துக்களைப் பற்றிய பெருநூலை முடித்தவர். பிறருடைய கொள்கையை மறுப்பதற்காக அன்றி, அவர்கள் கூறுமாறே எடுத்துக்கூறுவதே தம் நோக்கம் என முதலிலேயே அறிவித்தவர். படையெடுத்த அரசனின் நிழலில் இருந்துகொண்டு, வெல்லப்பட்டவர்களின் நூல்களை இத்துணை நேர்மையோடு படித்த ஒருவரைப் பின்வந்த காலனி அறிஞருள் காண்பது அரிது. 1377இல் தம் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், குலப்பற்று எவ்வாறு அரசுகளை எழுப்பிப் பின் தேய்கிறது என்று ஆராய்ந்தார். கெல்னர் தம் கொள்கைக்கு அடித்தளமாக்கிக்கொண்டது இவரைத்தான். தொடக்கநிலை ஏடுகள் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலிருந்து கதையைத் தொடங்குவதால் நம் பிள்ளைகள் இவ்விருவரையும் அறியாமலே பட்டம் பெறுகின்றனர். அதனோடு, எவரையும் வியப்பின்றி நோக்கினர் என்றும் நம் முன்னோரைப் புகழ்ந்துவிடலாகாது. மாலத்தீவில் காஜியாக இருந்த இப்னு பதூதா, அங்குள்ள பெண்களின் உடை வழக்கத்தை மாற்ற முயன்று இயலாமற் போனதைத் தாமே எழுதியிருக்கிறார். தம் ஊர் வழக்கமே அளவுகோல் என்று கருதும் குறைக்கு அதைவிட நல்ல பாடம் எந்த ஏட்டிலும் இல்லை.

மொழியும் ஒரு தடை. மானிடவியல் ஏடுகள் ஆங்கிலத்தில் வருகின்றன. தமிழில் கற்றவர்க்கு முதல் ஆறு திங்கள் சொற்பொருள் காண்பதிலேயே கழிகிறது. 1990இல் வெளிவந்த பக்தவத்சல பாரதியின் 'பண்பாட்டு மானிடவியல்' அருகில் இருப்பின் இச்சுமை பெரிதும் குறையும். இப்பாடத்தில் சேர எண்ணுவோர் அந்நூலை முதலில் வாங்குவது நன்று.

கள ஆய்வுக்குத் தொலைதூரம் செல்ல இயலாதே என்று வீட்டிலிருந்து பயிலும் பெண்கள் வருந்துவதைக் கேட்கிறோம். முன்னே குறிப்பிட்ட அல்துர்கி, தம் சொந்த நகரத்துப் பெண்களின் இல்லங்களிலேயே ஆய்வு செய்தவர். அவரும் கமீலியா பவ்ஸி அஸ்ஸுல்ஹும் தொகுத்து 1988இல் வெளியிட்ட நூல், தம் சமுதாயத்தைத் தாமே ஆராய்ந்த அரபுப் பெண்களின் அனுபவங்களைக் கூறுவது. ஆண் ஆய்வாளர் எவரும் நுழைய முடியாத அறைகளில் அவர்கள் அமர்ந்திருந்தனர். நம் இல்லங்களின் உள்ளறைகளும் அத்தகையவை. மணப்பேச்சு எங்கே தொடங்குகிறது, எவர் சொல்லுக்கு அங்கே மதிப்பு, மகளுக்கு வீடு எழுதும்போது மகன்களின் ஒப்புதல் எவ்வாறு பெறப்படுகிறது, மஹர் எவ்வளவு என்று எழுதப்படுகிறது, கைக்கூலி எவ்வளவு என்று எழுதப்படாமல் போகிறது — இவற்றை அறிந்தவர் அந்த வீட்டுப் பெண்ணே. இறுதியாகச் சொன்னதை எழுதத் துணிவும் வேண்டும். அதை எழுதினால் வீட்டார் முகம் சுளிப்பர் என்பதும் நாம் அறியாததன்று.

மேல்வகுப்புகளில் சிறு ஆய்வேடு ஒன்றைத் தாமே எழுதும் வாய்ப்பு மாணவர்க்குக் கிட்டுவதுண்டு. அங்கே பாட ஏட்டின் சான்றுகளைத் திருப்பிக் கேட்க எவருமில்லை. எண்பது வயதைக் கடந்த பாட்டியர் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் தம் வாப்பாவின் தாயை என்ன சொல்லி அழைத்தனர், கொழுந்தியின் கணவருக்கு என்ன பெயர், எந்தப் பிள்ளைக்கு எவர் பாலூட்டினார் என்பவை எந்த அகராதியிலும் ஏறாதவை. ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப் பொழுதும் போதும். பாட்டியிடம் கேட்கும்போது மட்டும் ஆங்கிலக் கலைச்சொற்களை அடுத்த அறையிலேயே விட்டுவர வேண்டும்.